மெய்யியல் வரலாறும் ஐரோப்பிய மையநோக்கும்

மெய்யியல் கிரேக்கரிடையே தோன்றியது என்பதும், மிலேட்டஸ் நகரத்தவராகிய தேலிஸ் அதன் முதல்வர் என்பதும், மெய்யியல் வரலாற்றைக் கற்கப் புகும் மாணவர் பெரும்பாலும் முதற்கண் கேட்கும் செய்திகளாகும். பாடநூல்கள் பல இவற்றை ஐயத்துக்கு இடமில்லாத உண்மைகளாகவே கூறிச் செல்கின்றன. மிலேட்டஸ் ஆசியாக் கண்டத்தின் மேற்குக் கரையிலே அமைந்திருந்த நகரம் என்பது நினைவூட்டப்படுவதும் அரிது. ஓர் அரசன் இன்ன ஆண்டில் முடிசூடினான் என்றால் அதற்குச் சான்று யாது என வினவும் மாணவர், ஆராய்ந்தறியும் அறிவு இன்ன மண்ணிலேதான் முளைத்தது என்னும் கூற்றுக்குச் சான்று கேளாது விடுகின்றனர்.

ஆயின், இக்கூற்றுக்கும் ஒரு வரலாறு உண்டு. இது தொன்றுதொட்டு எல்லோரும் ஒப்பிவந்த முடிபன்று. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் ஜேர்மானியப் பல்கலைக்கழகங்களிலே உருப்பெற்றுப் பின்னர் ஆட்சியின் துணைகொண்டு பிற நாடுகளிலும் பரவிய முடிபாகும். ஐரோப்பாவின் அனுபவத்தையே மனிதகுலத்தின் அளவுகோலாகக் கொண்டு, ஏனையோரின் சிந்தனையை அதற்கு முன்னுரையாகவோ புறனடையாகவோ கருதும் இப்போக்கினை இக்கால அறிஞர் ஐரோப்பிய மையநோக்கு என்பர். எகிப்தியப் பொருளியலறிஞரான சமீர் அமீன் 1988ஆம் ஆண்டிலே இதனையே பொருளாகக் கொண்டு ஒரு நூல் எழுதினார். இந்நோக்கு மெய்யியற்றுறையில் எவ்வாறு வேரூன்றியது, அதற்கு அடிமைப்பட்டிருந்த நாடுகளின் அறிஞர் யாது விடை கூறினர் என்பன ஆராயத் தக்கன.

பழையோர் கொள்கை

பழைய ஐரோப்பியர் யாவரும் மெய்யியலைக் கிரேக்கருக்கே உரிமையாக்கினர் அல்லர். கி. பி. மூன்றாம் நூற்றாண்டளவில் மெய்யியலாளரின் வாழ்க்கை வரலாறுகளை எழுதிய தியோஜெனிஸ் லயேர்ஷியஸ், பாரசீகர், கல்தேயர், இந்தியர், கெல்த்தியர் ஆகியோரின் ஞானியரிடமிருந்தே மெய்யியல் தொடங்கிற்று என்போர் உளர் எனத் தம் நூலின் தொடக்கத்திலேயே குறிக்கின்றார். அக்கொள்கையை அவர் மறுத்துக் கிரேக்கரே முதல்வர் என்கிறார். எனினும், மறுக்கவேண்டிய அளவுக்கு அக்கொள்கை வலியுடையதாய் இருந்தது என்பது அதனாற் பெறப்படும். அவருக்கு முற்பட்டவரும் கிறித்துவ அறிஞருமாகிய அலெக்சாந்திரியா நகரத்துக் கிளெமென்ற், கிரேக்கர் பிற இனத்தாரிடமிருந்தே தம் அறிவைப் பெற்றனர் என வாதித்தார். புத்தரின் பெயரும் அவர் நூலிற் காணப்படுகின்றது.

இம்மரபு பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை நிலைத்திருந்தது. யாக்கோப் புரூக்கர் 1742 முதல் 1744 வரை இலத்தீன் மொழியில் ஐந்து தொகுதிகளாக வெளியிட்ட மெய்யியல் வரலாறு, அக்காலத்து ஐரோப்பாவிற் பெருமதிப்புப் பெற்ற நூலாகும். பிரான்சியக் கலைக்களஞ்சியத்திலே தீதரோ எழுதிய மெய்யியற் கட்டுரைகள் பலவற்றுக்கு அந்நூலே ஆதாரம். புரூக்கர் எபிரேயர், கல்தேயர், பாரசீகர், இந்தியர், எகிப்தியர் முதலியோரின் மெய்யியலைக் கூறிய பின்னரே கிரேக்கரிடம் வருகிறார். கீழைத்தேய மெய்யியலை அவர் கிரேக்க மெய்யியலுக்கு ஒப்பாக மதித்தார் அல்லர். ஆயினும் வரலாற்றிலே அதற்கு இடமில்லை என்று அவர் கூறவில்லை.

தீர்ப்பு மாறிய காலம்

புரூக்கருக்குப் பின் அரைநூற்றாண்டுக்குள் நிலைமை மாறியது. கோட்டிங்கன் பல்கலைக்கழகப் பேராசிரியர் கிறிஸ்ரோப் மைனெர்ஸ், 1785ஆம் ஆண்டில் வெளியிட்ட மனிதகுல வரலாற்று நூலில், மக்களை உயர்ந்தோர் தாழ்ந்தோர் என இனவகையாற் பிரித்தார். அடுத்த ஆண்டிலே மெய்யியல் வரலாறு பற்றியும் ஒரு நூல் எழுதினார். 1791இல் வெளிவரத் தொடங்கிய தீடெமானின் வரலாறு தேலிசோடு தொடங்குகிறது. 1798 முதல் 1819 வரை பதினொரு தொகுதிகளாக வெளிவந்த தென்னெமானின் பெருநூலும் கிரேக்கரையே தொடக்கமாகக் கொண்டது. கான்ற் ஆற்றிய அளவையியல் விரிவுரைகள் அவர் மாணவர் ஒருவராற் பதிப்பிக்கப்பெற்று 1800இல் வெளிவந்தன. மக்கள் இனங்களுள் கிரேக்கரே முதன்முதல் மெய்யியல் நெறியிற் சிந்திக்கத் தொடங்கினர் என்னும் கருத்து அவற்றிலும் காணப்படுகின்றது.

இங்கு ஊன்றி நோக்கத்தக்கது ஒன்றுண்டு. கீழைத்தேயத்தை ஐரோப்பியர் அறியாதிருந்த காலத்தில் இம்முடிபு எழுந்திருப்பின் அதனை அறியாமையின் விளைவு எனலாம். நிகழ்ந்ததோ இதற்கு மாறானது. 1784இல் வில்லியம் ஜோன்ஸ் கல்கத்தாவில் ஆசியக் கழகத்தை நிறுவினார். 1785இல் வில்கின்சின் பகவத்கீதை மொழிபெயர்ப்பு வெளிவந்தது. முகலாய இளவரசர் தாரா சுகோ 1657இல் பாரசீக மொழியில் ஆக்குவித்த ஐம்பது உபநிடதங்களை அங்கெத்தில் துப்பெரோன் இலத்தீனிற் பெயர்த்து 1801, 1802ஆம் ஆண்டுகளில் வெளியிட்டார். பிரீட்றிக் சிலேகல் இந்தியரின் மொழியும் ஞானமும் பற்றி 1808இல் எழுதினார். 1823இல் இலண்டனில் அரச ஆசியக் கழகம் தோன்ற முன்னின்ற ஹென்றி தோமஸ் கோல்புறூக், அவ்வாண்டு தொடக்கம் 1827 வரை அக்கழகத்திலே இந்து மெய்யியல் பற்றிய கட்டுரைகளைப் படித்தார். சாங்கியம், நியாயம், வைசேடிகம், மீமாஞ்சை, வேதாந்தம் என்பன அவற்றில் முறையாக விளக்கப்பெற்றன.

எனவே, இந்திய நூல்கள் ஐரோப்பியரின் கையை எட்டிக்கொண்டிருந்த அந்நாற்பது ஆண்டுகளிலேயே, இந்தியர் மெய்யியல் வரலாற்றினின்றும் வெளியே நிறுத்தப்பட்டனர். வரலாற்றாசிரியர் பீற்றர் பார்க் 2013இல் வெளியிட்ட ஆய்வு நூல் 1780 முதல் 1830 வரையுள்ள இக்காலப்பகுதியையே விரிவாக ஆராய்ந்து, இவ்விலக்கலுக்கும் அக்காலத்தே வளர்ந்துவந்த இனக்கொள்கைகளுக்கும் இடையே இருந்த தொடர்பைக் காட்டுகின்றது.

ஹெகலின் வாதம்

இத்தீர்ப்புக்கு நிலைபேறு அளித்தவர் ஹெகல். 1805 முதல் 1831இல் இறக்கும் வரை அவர் பலமுறை ஆற்றிய மெய்யியல் வரலாற்று விரிவுரைகள் அவர் மறைவுக்குப் பின் அச்சேறின. ஹெகல் இந்திய மெய்யியலை அறியாதவர் அல்லர். கோல்புறூக்கின் முதற் கட்டுரைகளைப் படித்து, அவற்றாலேயே இந்திய மெய்யியல் பற்றிய திட்டமான அறிவு கிடைத்தது என ஒப்புக்கொண்டு, சாங்கியத்தையும் நியாய வைசேடிகங்களையும் தம் விரிவுரையில் விளக்கினார். கீதை பற்றி வில்கெம் ஹும்போல்ற் எழுதியதனை 1827இல் நீண்டதொரு மதிப்புரையால் ஆராய்ந்தார். அவ்வாறிருந்தும் கீழைத்தேயச் சிந்தனையை மெய்யியலின் வாயிலுக்கு வெளியே உள்ள முற்றமாகவே அவர் கொண்டார்.

அவர் கூறும் காரணங்கள் இரண்டு. மெய்யியல் தோன்றுவதற்குத் தனிமனிதனின் சுதந்திர உணர்வு வேண்டும். அது கீழைத்தேயங்களில் இல்லை என்பது ஒன்று. அங்குள்ள மெய்யியல் சமயத்தினின்றும் பிரிந்து தனித்து நிற்கவில்லை என்பது மற்றொன்று. இவற்றுள் முதலாவது சான்றுகளினின்றும் பெறப்பட்டதன்று. வரலாறு கிழக்கிலே தொடங்கி மேற்கிலே நிறைவுறும் என்னும் அவருடைய வரலாற்றுத் தத்துவத்திலிருந்து முன்கூட்டியே வருவிக்கப்பட்டதாகும். அதே தத்துவத்தினால் ஆபிரிக்கா வரலாற்றுக்கே புறம்பானதாயிற்று. இரண்டாவது காரணத்தை ஒரே அளவையால் எல்லோர்க்கும் பொருத்துதல் வேண்டும். சமயத்தோடு பிணைந்த சிந்தனை மெய்யியல் அன்றாயின், தோமஸ் அக்குவைனசுக்கும் அன்செல்முக்கும் மெய்யியல் வரலாற்றில் இடமில்லாது போகும். கடவுள் உண்மையை நிறுவுதலைத் தம் முறைமைக்குத் தூணாகக் கொண்ட தேக்கார்ட்டும் விலக்கப்படவேண்டியவராவார். அவர்களை உள்ளே வைத்து, அதே காரணத்தால் இராமானுசரையும் மெய்கண்டாரையும் வெளியே நிறுத்துதல் நீதியாகாது.

அக்காலத்து ஐரோப்பியர் அனைவரும் ஹெகலைப் பின்பற்றினர் எனக் கொள்ளுதலும் தவறு. பாரிசு நகரிலே விக்ரோர் கூசேன் 1828, 1829ஆம் ஆண்டுகளில் ஆற்றிய விரிவுரைகளில், கோல்புறூக்கை ஆதாரமாகக் கொண்டு இந்திய மெய்யியலை வரலாற்றின் உள்ளேயே வைத்து ஆராய்ந்தார். சோப்பன்கவர் உபநிடதங்களைப் போற்றியமை யாவரும் அறிந்தது. வேறு வழியும் அன்று திறந்திருந்தது என்பதற்கு இவையே சான்று.

அராபியருக்கு நேர்ந்தது வேறொரு வகைக் குறை. இப்னு சீனா (980-1037), இப்னு ருஷ்த் (1126-1198) ஆகியோரின் பெயர்கள் மேனாட்டு வரலாறுகளில் இடம்பெறவே செய்தன. ஆனால், கிரேக்க நூல்களைக் காத்துவைத்துப் பின்னர் ஐரோப்பியரிடம் ஒப்படைத்த காவலராகவே அவர்கள் பெரிதும் காட்டப்பட்டனர். உள்பொருள், உண்மைத்தன்மை என்பன பற்றி இப்னு சீனா தாமாகக் கண்ட முடிபுகளே அக்குவைனசின் சிந்தனைக்கு உரமாயின என்பது இத்தகைய வரலாறுகளிற் பின்தள்ளப்பட்டது.

ஆட்சியும் கல்வியும்

ஒரு பேராசிரியரின் கருத்து அவர் வகுப்பறையோடு நின்றிருப்பின் அதனால் விளையும் தீங்கு சிறிதே. ஆட்சி அதனைக் கல்வித்திட்டமாக்கியபோதே அது பிற நாட்டு மாணவரின் உள்ளத்தை ஆளத் தொடங்கியது. ஜேம்ஸ் மில் 1817இல் பிரித்தானிய இந்திய வரலாற்றை வெளியிட்டார். அவர் இந்தியாவைக் கண்டவர் அல்லர். இந்திய மொழி எதனையும் கற்றவரும் அல்லர். அதனையே நடுநிலைமைக்குத் துணையான தகுதியாகவும் அவர் கருதினார். மக்கோலே 1835இல் எழுதிய கல்விக் குறிப்பும் இத்தகையதே. தமக்குச் சமக்கிருதமும் அரபும் தெரியா எனக் கூறிக்கொண்டே, அம்மொழி நூல்களின் மதிப்பைப் பற்றி அவர் முடிபு கூறினார். 1857இல் கல்கத்தா, பம்பாய், சென்னைப் பல்கலைக்கழகங்கள் இலண்டன் பல்கலைக்கழகத்தை மாதிரியாகக் கொண்டு எழுந்தன. இலங்கையிலும் 1921இல் தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரி, 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் நிறுவப்படும் வரை, இலண்டன் பட்டத் தேர்வுகளுக்கே மாணவரை ஆயத்தம் செய்தது.

இவ்விடத்தில் யாழ்ப்பாணத்தோடு தொடர்புடைய செய்தியொன்று கருதத்தக்கது. 1823இல் அமெரிக்க மிசனரிமார் வட்டுக்கோட்டையில் நிறுவிய செமினரிக்குப் பின்னாளில் அதிபராயிருந்தவர் ஹொய்சிங்ரன். தத்துவக்கட்டளை, சிவஞானபோதம், சிவப்பிரகாசம் என்னும் மூன்று நூல்களையும் அவர் ஆங்கிலத்திற் பெயர்த்தார். அவை 1854இல் அமெரிக்கக் கீழைத்தேயக் கழகத்தின் சஞ்சிகையில் வெளிவந்தன. ஆகவே, சைவசித்தாந்த மூலநூல்கள் மேனாட்டு அறிஞரின் கைக்கெட்டி ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாயிற்று. ஆயினும், அவை வைக்கப்பட்ட அலுமாரி கீழைத்தேயவியலுக்கு உரியது, மெய்யியலுக்கு உரியதன்று. மறுக்கப்பட்ட நூல் யாரேனும் ஒருவரால் மீண்டும் எடுத்துப் பேசப்படலாம். வேறு அலுமாரியில் வைக்கப்பட்ட நூலோ வாதத்துக்கே அழைக்கப்படுவதில்லை. ஐரோப்பிய மையநோக்கு பெரும்பாலும் தொழிற்பட்ட முறை இதுவே.

அந்நூல்களின் மரபிலே தருக்கம் இல்லையோ எனின், உண்டு. மெய்கண்டாரின் மாணாக்கராகிய அருணந்தி சிவாசாரியார் பதின்மூன்றாம் நூற்றாண்டிற் செய்த சிவஞானசித்தியார், பரபக்கத்திலே உலகாயதம் முதலாகப் பதினான்கு கொள்கையினரின் வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்துரைத்து மறுக்கின்றது. சுபக்கமோ அளவை இலக்கணத்தோடு தொடங்குகின்றது. அளவைகள் பத்தெனப் பிறர் கூறினும் அவை காண்டல், கருதல், உரை என்னும் மூன்றனுள் அடங்கும் என ஆசிரியர் முதலில் நிறுவுகிறார். அறியும் பொருளைப் பற்றிப் பேசுமுன் அறியும் வாயிலை ஆராய்தல் வேண்டும் என்னும் விதியே இவ்வமைப்பின் அடிப்படை. பௌத்த காப்பியமாகிய மணிமேகலையும் சமயக் கணக்கர் பலரின் கொள்கைகளை ஒரு காதையிலே நிரல்படக் கூறுகின்றது. பிறிதொரு காதையில் அனுமானத்தின் உறுப்புகளை விளக்கி, உபநயம், நிகமனம் என்பன திட்டாந்தத்துள் அடங்கும் எனக் காட்டிப் பக்கப்போலி, ஏதுப்போலி, திட்டாந்தப்போலி என்னும் வழுக்களை வகுக்கின்றது. காப்பியத் தலைவி ஒருத்தி தருக்க நூல் கேட்பதனைக் கதையின் ஒரு படியாக வைத்த மரபை, ஆராய்ச்சி அறியாத மரபு எனல் பொருந்தாது.

இந்திய அறிஞரின் விடைகள்

இந்நிலையை எதிர்த்தெழுந்த அறிஞருள் முன்னவர் வங்காளத்துப் பிரஜேந்திரநாத சீல். 1899இல் உரோமாபுரியில் நடைபெற்ற கீழைத்தேயவியலாளர் மாநாட்டிலே வைணவத்தையும் கிறித்துவத்தையும் ஒப்பிட்டு ஆராய்ந்த அவர், ஒப்பிடுவோர் இரண்டையும் சமநிலையில் வைத்தே ஒப்பிடுதல் வேண்டும் என வற்புறுத்தினார். 1915இல் அவர் வெளியிட்ட நூல், பண்டைய இந்துக்களின் இயற்கை அறிவியற் கருத்துகளையும் அவர்தம் ஆராய்ச்சி முறையையும் விளக்கியது. சுரேந்திரநாத தாசகுப்தரின் இந்திய மெய்யியல் வரலாறு 1922 முதல் 1955 வரை ஐந்து தொகுதிகளாக வெளிவந்தது. இராதாகிருட்டிணன் 1923, 1927ஆம் ஆண்டுகளில் எழுதிய இரு தொகுதிகள் ஆங்கிலம் அறிந்த உலகெங்கும் பயிலப்பட்டன. அவருக்கு 1936இல் ஒக்ஸ்போட் பல்கலைக்கழகம் அளித்த புதிய கதிரை, கீழைத்தேயச் சமயங்களுக்கும் ஒழுக்கவியலுக்கும் உரியதெனப் பெயர் பெற்றிருந்தது. மெய்யியல் என்னும் சொல் அப்பெயரில் இல்லை.

இவ்விடைகளுள் ஆழமானது கிருஷ்ணசந்திர பட்டாச்சாரியர் (1875-1949) கூறியது எனலாம். 1930ஆம் ஆண்டளவில் மாணவர்க்கு ஆற்றிய, அவர் மறைந்த பின் 1954இல் அச்சேறிய ‘கருத்துலகச் சுவராச்சியம்’ என்னும் உரையிலே, அரசியல் அடிமைத்தனத்தையும் பண்பாட்டு அடிமைத்தனத்தையும் அவர் வேறுபடுத்துகிறார். முன்னையது புறத்தே நின்று வருத்துவது, ஆகவே உணரப்படும். பின்னையதோ பெரும்பாலும் உணரப்படுவதில்லை. பிறர் கருத்தை ஏற்றல் அடிமைத்தனமாகாது. தன் மரபுக் கருத்தோடு ஒப்புநோக்காமல், தன் மரபு இருந்த இடத்தில் அதனை அப்படியே அமர்த்துதலே அடிமைத்தனம் என்பது அவர் கொள்கை. மேனாட்டு மெய்யியலைக் கற்ற இந்தியர் அதன்மேல் தமக்கே உரிய மதிப்பீடு ஒன்றைச் சொல்லாதிருப்பதனை அவர் இதற்கு அடையாளமாகக் காட்டினார். கான்றை நுணுகிக் கற்றவர் அவர். மேனாட்டை விலக்குமாறு எங்கும் சொன்னவர் அல்லர்.

மறுதலைப் பிழை

ஐரோப்பிய மையநோக்குக்கு விடை கூறப் புகுந்தோர் சிலர் பிறிதொரு பிழையுள் வீழ்ந்தனர். மேற்கு பகுத்தறிவுக்கு உரியது, கிழக்கு ஆன்மிகத்துக்கு உரியது என்னும் பாகுபாட்டை அவர்கள் பெருமையோடு ஏற்றுக்கொண்டனர். ஹெகல் இழிவாகச் சொன்னதனை இவர்கள் உயர்வாகச் சொன்னார்கள் என்பதன்றி இரண்டும் வேறல்ல. தயாகிருஷ்ணர் 1960களில் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையொன்றில், இந்திய மெய்யியல் முழுதும் ஆன்மிகமே என்பது கட்டுக்கதை என வாதித்தார். நியாயத்தாரும் வைசேடிகத்தாரும் மீமாஞ்சகரும் சொல், பொருள், எண், இன்மை என்பன பற்றி நிகழ்த்திய நுண்ணிய வாதங்களை வீடுபேற்றின் பெயரால் மறைத்துவிடுதல் அவர்களுக்குச் செய்யும் அவமதிப்பாகும்.

ஆபிரிக்காவிலும் இத்தகைய வாதம் எழுந்தது. பெல்சிய மிசனரியாராகிய தெம்பெல்ஸ் 1945இல் பண்டு மெய்யியல் என ஒரு நூல் எழுதி, ஆபிரிக்க மக்கட் கூட்டமொன்றுக்குப் பொதுவான உலகநோக்கை மெய்யியலாகக் காட்டினார். நன்னோக்கோடு எழுதப்பட்ட அந்நூலைப் பெனின் நாட்டு மெய்யியலாளர் ஹூந்தொன்ஜி 1976இல் கடுமையாக ஆராய்ந்தார். கருத்து வேறுபாடும் பெயர் அறியப்பட்ட வாதிகளும் இல்லாத இடத்தில் மெய்யியல் இல்லை. ஓர் இனம் முழுதும் ஒன்றையே நினைக்கின்றது என்பது அவ்வினத்துக்குப் புகழன்று என்றார் அவர். கானா நாட்டுக் குவாசி விறேடு வேறொரு வழி காட்டினார். பிறமொழியிற் பெற்ற மெய்யியல் வினாவைத் தன் தாய்மொழியிற் பெயர்த்து, அங்கும் அது வினாவாக நிற்கின்றதா, மொழியின் மயக்கத்தால் எழுந்ததா எனச் சோதித்தல் வேண்டும் என்பது அவர் கூறிய முறை.

பிற்கால முயற்சிகள்

இராதாகிருட்டிணன் வகித்த அதே ஒக்ஸ்போட் கதிரையில் 1976 முதல் 1991 வரை இருந்த பிமல் கிருஷ்ண மதிலால், நவ்விய நியாயத்தாரின் இன்மைக் கொள்கையையும் காட்சிக் கொள்கையையும் இக்கால அளவையியலாளரின் கொள்கைகளோடு நேருக்கு நேர் வைத்து ஆராய்ந்தார். சமயத்துறைக் கதிரையில் இருந்துகொண்டே இந்திய அளவையியலை மெய்யியலாளரின் மன்றிற்குக் கொண்டுவந்தவர் அவர். 1980களிலே புனேயில் இரசலின் எடுப்புக் கொள்கை சமக்கிருதத்தில் எழுதப்பெற்று நியாய பண்டிதர் முன் வைக்கப்பட்டது. அவர்கள் தம் சாத்திர முறைப்படி அதனை வினாவி விடையிறுத்தனர். அவ்வுரையாடல் 1991இல் ‘சம்வாதம்’ என்னும் பெயரில் நூலாயிற்று. இங்கு மேனாட்டுக் கொள்கை அளவுகோலாக நில்லாமல் அளக்கப்படும் பொருளாகவும் ஆயிற்று.

எனினும், பழைய தீர்ப்பு முற்றாக நீங்கிவிடவில்லை. ஹைடெகர் 1955இல் பிரான்சில் ஆற்றிய உரையில், மெய்யியல் தன் இயல்பாலேயே கிரேக்கமானது, மேனாட்டு மெய்யியல் என்பது கூறியது கூறலே எனக் கருதினார். 2016இல் கார்பீல்ட், வான் நோர்டன் என்னும் அமெரிக்கப் பேராசிரியர் இருவர், ஐரோப்பிய அமெரிக்க மெய்யியலை மட்டும் கற்பிக்கும் துறைகள் தம் பெயரையும் அவ்வாறே மாற்றிக்கொள்ளுதல் நேர்மையாகும் என எழுதினர். கூறியது எளிய செய்தியாயினும் அதனால் எழுந்த சர்ச்சை பெரிது.

முடிவுரை

மேற்கூறியவற்றால் பெறப்படும் உண்மை இது: மெய்யியலுக்கு ஒரே பிறப்பிடம் உண்டென்பது கண்டறியப்பட்ட செய்தியன்று, ஒரு காலத்தில், சில நோக்கங்களால், சிலர் செய்த தெரிவு. பிளேட்டோவும் கான்றும் இதனாற் சிறுமை அடையார். அவர்களைக் கற்பதும் குறைதல் ஆகாது. அவர்களோடு வாதிடுவதற்குத் தம் மரபிலிருந்து எவரையும் அழைத்துவர இயலாத மாணவரே இத்தெரிவினாற் பேரிழப்புக்கு உள்ளாகின்றனர். அத்தகையோருக்கு மேனாட்டு நூல் மனப்பாடமாக முடியும். தம் முன்னோர் நூல் வெறும் வழிபாட்டுப் பொருளாக முடியும். இரண்டிடத்தும் ஆராய்ச்சி நிகழ்வதில்லை.

பதினான்கு கொள்கைகளைக் கேட்டறிந்து அவற்றுக்கு விடை கூறிய பின்னரே தம் கொள்கையை நிறுவத் துணிந்தார் சித்தியார் ஆசிரியர். அவர் இன்று எழுதுவாராயின் தேக்கார்ட்டும் ஹெகலும் பரபக்கத்தில் இடம்பெறுவர். அவர்களுடைய சொற்களும் திரிபின்றி எடுத்துரைக்கப்படும். பிறர் கொள்கையை அத்துணை நேர்மையோடு கேட்டலும், தன் கொள்கையையும் அதே அளவையால் அளந்து பார்த்தலும் கருத்துலகச் சுவராச்சியத்தின் இரு தூண்களாம். அவற்றை மாணவர்க்குப் பயிற்றுதல் கல்லூரிகளின் கடமையாகும்.